போப்பா வண்டியும் போப்பாக்காவும்

எங்கள் லாரி ஸ்டாண்டில் யாரையும் அப்பன் அம்மா வைத்த பேரால் கூப்பிடுவதில்லை. வண்டியின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஆளுக்குப் பேர். ‘முறைக்காதே’ என்று எழுதியவன் முறைக்காதே. அவன் முகத்தைப் பார்த்தால் பூனைக்குட்டிகூட பயப்படாது, அது வேறு விஷயம். ‘முந்தினால் பரிசா’ என்று எழுதியவன் பரிசா. ‘மறுபடியும் சந்திப்போம்’ என்று எழுதியவன் மறுபடியும். அவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது ஸ்டாண்டே வயிறு வலிக்கச் சிரித்தது. ‘அண்ணன் துணை’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அண்ணனும் அவனும் முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ வருஷமாகிறது. அழித்துத் தொலையேன் என்றால், அழித்துவிட்டால் என்னை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்கிறான். அதுவும் நியாயம்தான்.

நான் தார்ப்பாய் தைப்பவன். ஸ்டாண்டு மூலையில் தகரக் கொட்டகை போட்டு, நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாக லாரிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. முன்பக்கம் எழுதுவதெல்லாம் ஊருக்காக. மனுஷன் பின்பக்கத்தில்தான் இருக்கிறான் என்பது என் கட்சி. வேடிக்கை என்னவென்றால், ஓட்டுகிறவனுக்கு மட்டும் அது கண்ணில் படாது. முன்பின் தெரியாத எவனோ பின்னால் வருவான், அவன் படித்துக்கொண்டே வருவான், பிரிந்து போய்விடுவான். சாலையில் எங்கள் ஆட்களுக்கு ஒருவரையொருவர் தெரிவதும் அப்படித்தான். முகம் பார்த்திராத டிரைவரைக்கூட, முறைக்காதே நேற்று மலைப்பாதையில் பஞ்சராகி நின்றான் என்று உரிமையோடு சொல்வார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வண்டியை விற்றால் பேரும் வண்டியோடு போய்விடும். வாங்கினவன் அழித்துவிட்டு வேறு எழுதினால் தப்பித்தான். எழுதாமல் விட்டால், அவன்தான் அந்தப் பேர்.

போப்பாக்காவின் புருஷன் முதன்முதலாகச் சொந்த வண்டி வாங்கி ஸ்டாண்டுக்குள் பின்னோக்கி எடுத்தபோது, குப்பைத்தொட்டியை அப்பளமாக நசுக்கினார். நாலு பக்கத்திலிருந்தும் “பாத்துப் போப்பா, பாத்துப் போப்பா” என்று கத்தினார்கள். அன்று மாலை பெயின்டர் வந்து பின்பலகையில் என்ன எழுதட்டும் என்று கேட்டதும், மனுஷன் வீம்புக்கு அதையே எழுதச் சொன்னார். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல்: ‘பார்த்துப் போப்பா’. சாலையில் போகிறவர்கள் அதை ஏதோ அக்கறையான புத்திமதி என்று நினைத்து, முந்தும்போது ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். குப்பைத்தொட்டி கதை எங்களுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அவர் போப்பாண்ணன். அவர் சம்சாரம் போப்பாக்கா.

அக்கா அட்டைப்பெட்டி ஒட்டும் கூடத்தில் வேலை பார்த்தாள். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை தோல் தோலாக உரிந்துகொண்டிருக்கும். வாய்த்துடுக்கு. ஒரு லோடு இறக்கி அடுத்த லோடு ஏற்றும் அவசரத்தில் அண்ணன் வீட்டுக்கு வராவிட்டால், துவைத்த சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்கே வந்துவிடுவாள். கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டாள். அவரைத் திட்டி, பக்கத்தில் சிரித்தவனைத் திட்டி, தார்ப்பாயில் கோணல் தையல் போட்டதற்கு என்னையும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள். அவள் வந்துபோனால் ஸ்டாண்டுக்கே ஒரு களை வரும்.

ஆனால் போன் அடித்தால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். முதலில் கையைத் துடைப்பாள். ஒரு இடம் பார்த்து உட்காருவாள். பிறகுதான் எடுப்பாள். மகள் புகுந்த வீட்டிலிருந்து சும்மா பேசினாலும் அப்படித்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “டிரைவர் பொண்டாட்டிக்கு ஒரு போன் பாக்கி இருக்குடா. என்னிக்கு வரும்னு தெரியாது. நின்னுட்டு எடுத்தா விழுந்துடுவேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. எதிரே வரும் விளக்கு இரண்டும் நாலாகத் தெரிகிறது என்று வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வண்டியை விற்கிற வரைக்கும் அக்கா அவரை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. ஸ்டாண்டிலேயே மாற்று டிரைவராக ஓடிக்கொண்டிருந்த ஒரு தம்பி வாங்கினான். பதவிசான பையன். கல்யாணமாகி, அப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை.

வண்டி கைமாறிய அன்று அவன் சம்சாரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பின்பலகையில் குழந்தை பேரை எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெயின்டர் பழைய எழுத்தைச் சுரண்டக் கரண்டியை எடுத்துவிட்டான். துவைத்த சட்டை வைத்த பையோடு ஓரமாக நின்ற போப்பாக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அதை மட்டும் விட்டுடுப்பா. வண்டிதான் போயிடுச்சு. அந்தப் பேரையும் அழிச்சிட்டா நாங்க யாருன்னே தெரியாமப் போயிடும்.”

வண்டி வாங்கினவன் பெயின்டர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இருக்கட்டும் அக்கா என்றான். பாப்பா பேரைக் கதவில் சின்னதாக எழுதிக்கொள்ளலாம் என்று சம்சாரத்திடம் சொன்னான். அவள் முகம் சுண்டிப்போனது. பெரியவர்கள் முன்னால் என்ன பேசுவது என்று பேசாமல் இருந்துவிட்டாள். அன்றிலிருந்து ஸ்டாண்டில் அவன் சின்னப்போப்பா. நாளாக நாளாக அதுவும் சுருங்கி, சின்னவன் என்றாகிவிட்டது. அதெல்லாம் எங்கள் ஸ்டாண்டுக்குள்தான். வெளியே, சாலையில், ஒரே ஒரு போப்பாதான்.

விற்ற பிறகும் அண்ணனுக்கு வீடு தரிக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் சின்னவனோடு பக்கத்து ஊர் லோடுக்கெல்லாம் தொற்றிக்கொண்டு போவார். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அவன் இரக்கப்பட்டு ஸ்டீயரிங்கைக் கொடுப்பான் என்று கேள்வி. அக்காவுக்குத் தெரியாமல் என்றா சொன்னேன்? அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

அன்றும் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் போனது கண் ஆஸ்பத்திரிக்கு. அறுவை செய்துகொண்டால் மறுபடி ஓட்டலாமா என்று கேட்க. சொன்னால் வீட்டில் ரகளையாகும் என்று சொல்லவில்லை. அங்கே போனை அணைக்கச் சொல்லி, கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மதியம் பரிசா சாலையில் வந்துகொண்டிருந்தவன், மேட்டுக்குக் கீழே ஒரு லாரி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறான். பின்பலகை எழுத்து தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. அவன் இறங்கி ஓடுவதற்குள் அக்கம்பக்கத்தார் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முகத்தை அவன் பார்க்கவில்லை. பல மாதமாக அவன் எங்கள் ஸ்டாண்டுப் பக்கமே வராதவன், வண்டி விற்ற விஷயமும் தெரியாது. லோடு புக்கிங் ஆபீஸுக்குப் போன் போட்டு, போப்பா வண்டி கவிழ்ந்துவிட்டது, ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நிலைமை சரியில்லையாம், வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்றான்.

புக்கிங் கிளார்க் தன் போனில் போப்பா என்று தேடினான். அக்காவைக் கூப்பிட்டான். அவனுக்கு வண்டி விற்றது தெரியாதா என்றால், தெரியும். ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் போப்பாவுக்கு அடிபட்டது என்று காதில் விழுந்ததும் அத்தனை பேர் கண் முன்னாலும் வந்து நின்றது ஒரே முகம்தான். மனுஷன் திருட்டுத்தனமாக வண்டியில் ஏறிப் போகிறவர் வேறு. சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

பெட்டிக் கூடத்தில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தாளாம். கேட்டுவிட்டு, “சரி, வந்துடுச்சு” என்று மட்டும் சொன்னாளாம்.

என் சின்ன வேனில்தான் அழைத்துப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அவள் அழவில்லை. பாதி வழி வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கண் தெரியாதவனுக்கு ஸ்டீயரிங் என்ன கேடு என்றாள். அவர் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே பதில் வந்தது. ஊர் நெருங்கும்போது, “காலைல அவர் என்ன கலர் சட்டை போட்டுட்டுப் போனாருன்னு ஞாபகம் வரமாட்டேங்குதுடா” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

வண்டி சின்னவனுடையது. ஓட்டுகிறவன் சின்னவன். அவ்வளவு தூரத்தில் அவனைப் பற்றி வேனுக்குள் ஒரு பேச்சு எழவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் யார் என்று கேட்டாள். சம்சாரம் என்றாள் அக்கா. நினைவு இருக்கிறது, பேசுங்கள், ஆனால் அதிக நேரம் தாங்காது என்று நர்ஸ் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே நடந்தாள். கடைசிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. நர்ஸ் அதை விலக்கினாள்.

அக்கா பார்த்தாள்.

“அப்பாடா,” என்றாள். “அவர் இல்ல.”

வாய்விட்டுத்தான் சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்தில்கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

கட்டிலில் கிடந்த சின்னவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் கட்டு. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண் நன்றாகத் திறந்திருந்தது.

“அக்கா,” என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் அப்படியே செத்துப்போயிற்று. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்ல சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சுப்பா. பாப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டே இருக்கா.”

யாரும் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் வராந்தாவுக்கு ஓடினேன். என்னிடம் அவன் வீட்டு நம்பர் இல்லை. கிளார்க்கைக் கூப்பிட்டேன்; அவனிடமும் சின்னவன் நம்பர் மட்டும்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஸ்டாண்டுக்குள் ஓடி ஆள் தேடினான். கடைசியில் முறைக்காதே பைக்கை எடுத்துக்கொண்டு சின்னவன் வீட்டுக்கே போனான். சின்னவன் சம்சாரம் அப்போதுதான் குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தாளாம். ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நான் திரும்பி வந்தபோது அக்கா அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பாலம் தாண்டிவிட்டார்களாம் என்றாள். அவன் கண்ணை மூடி அந்தப் பாலத்தை நினைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இப்போது எங்கே என்று கேட்டான். ரயில்வே கேட்டில் நிற்கிறார்களாம் என்றாள். அவன் டிரைவர் அல்லவா, அந்தச் சாலை அவனுக்கு மனப்பாடம். இந்த நேரத்துக்கு எந்த ரயிலும் கிடையாதே, கேட்டைத் திறந்திருப்பார்களே என்றான். ஏதோ கூட்ஸ் வண்டியாம், இதோ திறந்துவிட்டார்களாம் என்றாள். உண்மையில் அவன் சம்சாரம் அப்போது ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டாள்.

அவன் கேட்கக் கேட்க அக்கா அவளைக் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். சர்க்கரை ஆலை, மூன்று சாலைப் பிரிவு, பெட்ரோல் பங்க். சாலை சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. அதற்கு மேல் சொல்ல ஊர் இல்லை.

“வாசலுக்கு வந்துட்டாங்கப்பா. இறங்கிட்டாங்க.”

அவன் தலையை மெல்லத் திருப்பித் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படியே போய்விட்டான்.

அவன் சம்சாரம் ஒரு காலில் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தபோது அவன் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். குழந்தைக்குத் தலைமுடி காய்ந்திருந்தது.

அங்கே அப்படி என்றால், போப்பாண்ணன் வீட்டு வாசலில் வேறு கூத்து. தெருவே கூடி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது மனுஷன் கறுப்புக் கண்ணாடியோடு தடவித் தடவி வந்திருக்கிறார். மருந்து விட்ட கண்ணுக்கு முகம் எதுவும் தெரியவில்லை. யார் போய்விட்டது என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். “நீங்கதான்” என்று எவனோ சொன்னான். எல்லாரும் அவரைத் தொட்டுப் பார்த்து அழுது, சிரித்து, யாரோ இனிப்புகூட வாங்கிவந்து கொடுத்தார்களாம். இதெல்லாம் சின்னவன் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அதே நேரத்தில்தான் நடந்தது.

அடக்கம் முடிந்த பிறகு ஸ்டாண்டில் அக்காவை எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். பெற்ற தாய் மாதிரி பக்கத்தில் இருந்தாள் என்றார்கள். போன் வீடு மாறிப்போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவரவர் வாயில் அவரவர் பங்கு அடைத்துக்கொண்டது. அக்கா வேலை முடிந்ததும் நேரே சின்னவன் வீட்டுக்குப் போவாள். பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், குழந்தையைத் தூங்க வைப்பாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அந்தப் பெண், “கடைசில அக்காதான் அவர் கையைப் பிடிச்சிட்டு இருந்தாங்க” என்று சொல்லும்போதெல்லாம் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாளாம்.

அவள் வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. ஒருநாள் கொட்டகைக்கு வந்து என் தையலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோணல் தையல்தான், எதுவும் சொல்லவில்லை.

“அவன் என் மூஞ்சியைப் பாத்துட்டான்டா,” என்றாள். “சாகப் போறவன் முன்னாடி நின்னு நான் சந்தோஷப்பட்டேன்.”

அதை மனசோடு வைத்துக்கொள், அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்றேன். அண்ணனும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் எதையும் உள்ளே அடக்கி வைத்துப் பழகியவளா அவள்? துணைக்கு வா என்று ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சின்னவன் சம்சாரம் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போனதும் குழந்தை அக்காவின் மடியில் வந்து ஏறிக்கொண்டது. வழக்கம்போல, கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். அக்கா சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சொன்னாள். திரையை விலக்கியதும் தன் வாயிலிருந்து வந்ததைச் சொன்னாள். அதை அவன் கேட்டதைச் சொன்னாள். இவள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டாள் என்று பொய் சொன்னதைச் சொன்னாள். அந்த எழுத்தை அழிக்கவிடாமல் தடுத்தது நான்தான், இல்லையென்றால் போன் இங்கே வந்திருக்கும் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி வாங்கத் தயாரான பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

“நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்,” என்றாள். “உங்க வீட்டுக்காரர் படுத்திருந்து, நான் போய்ப் பாத்திருந்தா, எனக்கும் அப்பாடான்னுதான் வந்திருக்கும். அதுக்கு உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா.”

அக்கா உடைந்து அழுதாள். அந்தப் பெண் எழுந்து வந்து, அக்காவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஆனா அந்த போன் என்னோடது. எவ்வளவு கெட்ட சேதியா இருந்தாலும் அது எனக்கு வரவேண்டியது. வந்திருந்தா நீங்க போன நேரத்துக்கு நான் போயிருப்பேன். அவர் என்னைப் பாத்திருப்பாரு. இனிமே நீங்க வராதீங்கக்கா. உங்களைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அதுதான் தோணும்.”

சரிம்மா என்று அக்கா எழுந்தாள். குழந்தை அவளிடம் வரக் கையை நீட்டியது. அவள் அதைத் தொடவில்லை. வெளியே வந்து வேனில் ஏறினாள். தெருமுனை திரும்பியதும், “அவ சொன்னது சரிதானேடா?” என்று கேட்டாள்.

சரிதான் என்றேன்.